கெலாபு ஏறிய மேடு

பார்பராவுக்கு அந்தப் பந்தயத்தில் பிடித்ததே, குதிரையை நிறுத்துவதற்கென்று அதில் ஓர் ஆள் இருந்ததுதான். எண்பது கிலோமீட்டர் தூரம். தேயிலைச் சரிவு, காட்டோரம், கல்லாறு வழியாக மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையைக் கால்நடை மருத்துவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கொடுத்த நேரத்துக்குள் அதன் நாடி அறுபத்து நாலுக்கு இறங்கியிருக்க வேண்டும். நொண்டாமல் ஓடிக் காட்ட வேண்டும். இல்லையென்றால், முதலில் வந்தவனானாலும் அவனுக்கு அன்றைய பந்தயம் அதோடு சரி. குதிரையை அடித்து விரட்டி ஜெயிக்க முடியாத பந்தயம் அது. அதனால்தான் அவள் அதில் இறங்கினாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா டிராக்டர் ஓட்டியவர், இப்போது இல்லை. தானா ராத்தாவில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகும் வேலையில் சேர்ந்து, அங்கேயே சவாரி கற்றுக்கொண்டாள். பிறகு கோலா தெர்லாவில் குகனேஸ்வரனின் கொட்டகைக்கு வந்தாள். குகனேஸ்வரன் காய்கறி லோரித் தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு, ஆசைக்கு நாலு குதிரை வாங்கி வைத்திருந்தார். லோரிக்கு நம்பர் எழுதுவதுபோல குதிரைகளுக்கு நிறத்தையே பெயராக மலாய் மொழியில் வைத்தார். சாம்பல் நிறப் பெண்குதிரை கெலாபு. பழுப்பு ஆண்குதிரை பெராங்.

பெராங்கை ஓட்டியவன் பார்பராவின் தம்பி ரயன். இருபத்தேழு வயது. அக்காதான் அவனை அந்தக் கொட்டகைக்கு அழைத்து வந்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒன்னு போதாதுன்னு அவனயும் குதிரைக்கிட்ட இழுத்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். ரயன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எதுவும் சிரிப்புதான்.

பந்தயத்தன்று இரண்டாம் சுற்று முடிந்தபோது பாதிப் பேர் வெளியேறியிருந்தார்கள். கற்கள் அப்படி. ராத்திரி மழையில் மண் கரைந்துபோய், பாதையில் வெறும் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொண்டிக்கொண்டு வந்தன. பெராங் சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறிவிட்டான். கெலாபுவின் வயிற்றில் காதுக்குழாயை வைத்த டாக்டர் குமுதா மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் குனிந்து கேட்டார்.

"குடல் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. மத்ததெல்லாம் சரி. போகலாம், ஆனா வெரட்டக் கூடாது. தண்ணி கண்ட எடத்துலலாம் குடிக்க விடுங்க."

"நடந்தே வந்துருவேன் டாக்டர். எனக்கு எடம் வேணாம். அவ நல்லபடியா முடிச்சா போதும்."

"அப்ப சரி" என்று டாக்டர் கெலாபுவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

மதியம் தாண்டி மறுபடி தூறல் பிடித்தது. மூன்றாம் சுற்றுக்குக் கிளம்பும்போது ரயன் நாலாவது இடத்தில் இருந்தான். முன்னால் போனவனைப் பிடித்துவிடலாம் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"கல்லாத்து எறக்கத்துல எறங்கி நட" என்றாள் பார்பரா. "மேல ஒக்காந்துக்கிட்டே எறக்காத. பாதை ஓரமெல்லாம் ஊறிப்போய்க் கெடக்கு."

"தெரியும்லா."

"தெரியும்னா எறங்கு."

"சரிக்கா, சரி. நீ பாட்டியம்மா மாதிரி மெல்லமா வா. நான் போய் கோப்பி போட்டு வைக்கிறேன்."

தேயிலை வரிசைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் பெராங்கின் பின்புறம் கொஞ்சதூரம் ஆடிக்கொண்டே தெரிந்தது. பிறகு பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது.

பார்பரா கெலாபுவை நடத்தியும் மெதுவாக ஓடவிட்டும் போனாள். ஓடை வந்த இடத்திலெல்லாம் நின்றாள். கெலாபு சில இடத்தில் குடித்தது, சில இடத்தில் மூக்கை மட்டும் நனைத்துக்கொண்டது. மூன்று வருடமாகக் கூடவே இருக்கும் குதிரை. அதன் காது எந்தப் பக்கம் திரும்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவசரம் இல்லாத குதிரை அது. ஆனால் எதற்கும் மறுத்ததில்லை. கால் வைக்குமுன் கல்லைப் பார்த்து வைக்கும். "மனுசங்க கூட இப்படிப் பாத்து நடக்க மாட்டாங்க" என்று குகனேஸ்வரன் சொல்வார்.

கல்லாற்று இறக்கத்தின் தொடக்கத்தில் அவள் இறங்கிக் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு திருப்பம் தாண்டியதும் பாதையின் ஓரம் ஒரு ஆள் நீளத்துக்கு இல்லாமல் போயிருந்தது. புது மண் சிவப்பாகத் தெரிந்தது. அதில் குளம்பு வழுக்கிய கோடுகள்.

எட்டிப் பார்த்தாள். கீழே ஆற்றோரப் பாறைகளுக்கு நடுவே ரயன் மல்லாந்து கிடந்தான். பெராங் முழங்காலில் ரத்தம் வழிய, சேணம் வயிற்றுப் பக்கம் சரிந்து தொங்க, தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

கெலாபுவை ஒரு மரத்தில் கட்டிவிட்டு வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ரயனின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. கண் திறந்திருந்தது.

"பெராங் என் மேலயே விழுந்துட்டான்க்கா" என்றான். "உருண்டு எந்திரிச்சிட்டான்."

"எங்கடா வலிக்குது?"

"இடுப்பு. உள்ளுக்குள்ள என்னமோ... அக்கா, கால் இருக்கா?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

அவள் அவன் இடது காலை அழுத்திப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலதைத் தொட்டதும் கத்தினான்.

அவனுடைய போன் பாறையில் நசுங்கிக் கிடந்தது. அவள் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பெராங்கைப் பிடிக்கலாம் என்று எழுந்து கையை நீட்டிக்கொண்டு மெதுவாகப் போனாள். "வா, வாடா, ஒன்னுமில்ல" என்றாள். கடிவாளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது பெராங் தலையை உதறிக்கொண்டு ஆற்றோரமாகவே கீழ்நோக்கி ஓடிவிட்டான். கற்கள் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. "போடா, எங்கயாச்சும் போய்ச் சாவுடா!" என்று அவள் அந்தத் திசையைப் பார்த்துக் கத்தினாள்.

கூப்பிட்டுப் பார்த்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஆற்றின் இரைச்சல் அதைத் தின்றுவிட்டது. முன்னால் போனவர்கள் இந்நேரம் மேட்டைத் தாண்டியிருப்பார்கள். பின்னால் வருபவர்கள் யாராவது இருந்தால்கூட வெகு தூரத்தில். ரயனின் வயிறு இறுகிக்கொண்டே வருவதுபோல் அவளுக்குத் தோன்றியது. உள்ளே ரத்தம் போகிறது என்று நினைத்தாள். அவள் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் அடிபட்ட குதிரைகளைப் பார்த்திருக்கிறாள். உதடு வெளுத்துக்கொண்டே போவது எதைக் காட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

தன் மழைச்சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். தன் போனை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"சிக்னல் வந்தா உடனே அடி. நான் போய் ஆள கூட்டிட்டு வர்றேன்."

"போகாதக்கா."

"டேய்..."

"இங்கயே இரு. யாராச்சும் வருவாங்க. என்னைத் தனியா வுட்டுட்டுப் போகாத."

"யாரும் வரமாட்டாங்கடா. பின்னால ஆளே இல்ல. நான் போனாதான் வருவாங்க."

"பயமா இருக்குக்கா" என்றான் ரயன். எதற்கும் சிரிப்பவன். அவன் அவள் முழங்கை மணிக்கட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் சட்டை நுனியைத்தான் பிடித்திருந்தான். அவள் அந்த விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மேலே ஏறினாள். திரும்பிப் பார்த்தால் போகமுடியாது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கெலாபுவை அவிழ்த்து ஏறிக்கொண்டாள். கல்லாற்றைக் கடந்ததும் பாதை நேராக மேட்டில் ஏறும். பாறையும் வேரும் சேறும் கலந்த ஏற்றம் அது. எல்லாக் குதிரையையும் அங்கே நடக்கத்தான் விடுவார்கள். பார்பரா குதிகாலால் கெலாபுவின் விலாவில் குத்தினாள். மூன்று வருடத்தில் அப்படிக் குத்தியதில்லை. கெலாபுவின் ஒரு காது பின்னால் திரும்பியது. என்ன கேட்கிறாய், நிசமாகத்தான் கேட்கிறாயா என்பதுபோல. மறுபடியும் குத்தினாள். கெலாபு ஓடத் தொடங்கியது.

லாடம் பாறையில் படும் சத்தம் அவள் பல்லில் அடித்தது. இரண்டு முறை முன்கால் வழுக்கி முழங்கால் தரையில் பட்டு எழுந்தது. "போ, போ, போ" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் அதைச் சொன்னது, மனசு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏசுவே, அவனை எடுத்துக்காதீங்க. ஏசுவே, அவனை எடுத்துக்காதீங்க. மழை கண்ணை மறைத்தது. கெலாபுவின் கழுத்து வியர்வையில் சோப்பு நுரை போல வெளுத்தது. டாக்டர் குமுதா சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று அவள் பிற்பாடு ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேட்டின் உச்சியில் பந்தயக்காரர்களின் கூடாரம் ஒன்று இருந்தது. காலையில் அங்கே ரேடியோவோடு இரண்டு பேரும் ஒரு பிக்கப்பும் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். அங்கே போய்விட்டால் போதும் என்றுதான் அவ்வளவு தூரம் ஏறினாள். கூடாரம் இருந்தது. குதிரைகளுக்கு வைத்த நீலத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆள் இல்லை. வண்டியும் இல்லை. நாற்காலி ஒன்று காற்றில் கவிழ்ந்து கிடந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா? ஹலோ! அடா ஓராங்?"

பனிமூட்டம்தான் இருந்தது. மழைக்கு ஒதுங்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அதற்குள் கெலாபு தானாகவே தொட்டிக்குப் போய் மூக்கை உள்ளே விட்டுக் குடிக்கத் தொடங்கியிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. நாலு மடக்கு, ஐந்து மடக்கு இருக்கும். பார்பரா கடிவாளத்தைச் சுண்டி அதன் தலையைத் தூக்கினாள். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கெலாபு திரும்பவும் தொட்டிப் பக்கம் கழுத்தை நீட்டியது. அவள் இன்னும் பலமாக இழுத்தாள்.

"அப்புறம் குடிக்கலாம், கண்ணு. அப்புறம்."

இறக்கம் முழுக்கத் தேயிலை. தோட்டத்துத் தார்ச்சாலை பெயர்ந்து கல்லாகக் கிடந்தது. பாதி தூரத்தில் அவள் தன் காலுக்குக் கீழே அதை உணர்ந்தாள். கெலாபுவின் விலா, மூச்சோடு சேராமல், தனியாகத் துடித்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல. உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போன குதிரைக்கு வருவது அது என்று குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கி, சேணத்தை அவிழ்த்து, நிழலில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, ஆள் வரும்வரை நகரக்கூடாது.

அவள் இறங்கி ஓடலாமா என்று யோசித்தாள். ஓடிப் பழக்கமில்லாத அவளுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? கெலாபு தள்ளாடிக்கொண்டு போனாலும் அவளைவிட வேகமாகப் போகும். ஒரு பக்கம் ரயன், ஒரு பக்கம் இது. அதை அவள் அப்படி வார்த்தையாகவே நினைத்தாள். பிறகு குனிந்து கெலாபுவின் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு, "மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு, குதிகாலால் மீண்டும் குத்தினாள். கெலாபு போனது. அதுதான் அவளால் தாங்க முடியாதது. அது நின்றிருக்கலாம். நின்று, முரண்டு பிடித்து, அவளைக் கீழே தள்ளியிருக்கலாம். கேட்டதும் போனது.

சோதனைத் திடலுக்குள் அவர்கள் நுழைந்தபோது முதலில் ஓடிவந்தவர் குகனேஸ்வரன். அறுபது வயதுக்காரர், வேட்டியை மடித்துக்கட்டியபடி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"அங்கிள், ஆம்புலன்ஸ் அனுப்புங்க! ரயன், கல்லாத்துல, குதிரை மேல விழுந்திருச்சு, பொம்பா தீயணைப்புக்கு அடிங்க..."

"எறங்கு மா. மொத எறங்கு."

"சீக்கிரம் அங்கிள்! அவனுக்கு உள்ளுக்குள்ள..."

"போயிருச்சு மா" என்றார் குகனேஸ்வரன். "அப்பவே போயிருச்சு. ரயன ஏத்தியாச்சு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கான். பேசுறானாம். உன்னைத்தான் கேட்டானாம்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தாள். "நான் இப்பதான வர்றேன்? யார் சொன்னது? எப்படிப் போகும்?" என்றாள்.

அவர் சொன்னார். பெராங் ஆற்றோரமாகவே ஓடி, கீழ்த்தோட்டத்துத் தேயிலைக்குள் புகுந்துவிட்டான். அங்கே கங்காணி வேலப்பனும் ஆட்களும் மெசினில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லாத சேணத்தையும் ரத்தத்தையும் பார்த்ததுமே வேலப்பன் ஆபிசுக்குப் போன் அடித்துவிட்டார். கீழ்த்தோட்டத்திலிருந்து கல்லாற்றுக்கு லேண்ட்ரோவர் போகும் பாதை ஒன்று இருக்கிறது. மேட்டு உச்சியில் இருந்தவர்களையும் ரேடியோவில் கூப்பிட்டுத் தூக்குப்படுக்கையோடு அங்கே அனுப்பினார்கள். வேலப்பன் முதல் ஆளாக மோட்டார் சைக்கிளில் போய் ரயன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நீ கிளம்பி ரொம்ப நேரமெல்லாம் ஆகியிருக்காது மா, என்றார் குகனேஸ்வரன்.

அவள் சேணத்தின் மேல் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டாள். அவள் இறங்கியதும் கெலாபு நாலு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. தலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

டாக்டர் குமுதா காதுக்குழாயை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். ஈறை அழுத்திப் பார்த்தார்.

"எங்கேருந்து வெரட்டிட்டு வந்தீங்க?"

"கல்லாத்துலருந்து."

டாக்டர் ஆட்களைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் ஊசி குத்திச் சலைன் பாட்டில்களைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பனிக்கட்டி போட்ட தண்ணீரை ஊற்றி ஊற்றி வழித்தார்கள். பார்பரா வாளியை அதன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடி, கண்ணு. குடிச்சிரு. இப்ப குடி." கெலாபு வாளியைப் பார்க்கவே இல்லை. தண்ணீரில் மூக்கு பட்டபோதுகூட உதட்டைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது மூத்திரம் பெய்தது. கறுங்கோப்பி நிறத்தில் இருந்தது. தசை சிதைந்தால் வரும் நிறம் அது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பார்பரா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ மா" என்றார் குகனேஸ்வரன். "நான் இங்க இருக்கேன்."

"இவ எந்திரிக்கட்டும் அங்கிள், போறேன்." கெலாபு அப்போது படுத்துவிட்டிருந்தது.

குகனேஸ்வரனின் போனில் அம்மா கூப்பிட்டாள். ரயனை ஈப்போவுக்குக் கொண்டுபோகிறார்கள், ஆப்பரேஷன், நான் ஆம்புலன்சில் கூடப் போகிறேன், நீ எங்கே என்று கேட்டாள். பார்பரா, குதிரை முடியாமல் கிடக்கிறது, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றாள்.

"உன் தம்பியவிட குதிரை உனக்குப் பெருசாப் போச்சா?" என்றாள் அம்மா. "அவன ஆத்துல தனியாப் போட்டுட்டுப் போனியாமே? அழுதுகிட்டே சொல்றான்."

பார்பரா பதில் சொல்லுமுன் அம்மா வைத்துவிட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. டாக்டர் குமுதா மண்டியிட்டு உட்கார்ந்து, "இதுக்கு மேல வச்சிருந்தா அவளுக்குத்தான் கஷ்டம்" என்று சொன்னபோது பார்பரா தலையை ஆட்டினாள். கெலாபுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி போட்டதும் அதன் கண் அவளைப் பார்த்தபடியே இருந்தது. பார்ப்பது எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க செஞ்சதுல தப்பில்ல" என்றார் டாக்டர். "யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க."

எல்லோரும் அதையே சொன்னார்கள். குகனேஸ்வரன் சொன்னார். வேலப்பன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். தப்பு என்று ஒரு ஆளாவது சொல்லியிருந்தால் அவள் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். அவன் மேல் கத்தியாவது தீர்த்திருக்கலாம். சண்டை போட ஆள் கிடைக்கவில்லை.

கெலாபுவைக் கோலா தெர்லாவில், குகனேஸ்வரனின் தக்காளிக் கூடாரங்களுக்குப் பின்னால் மண்வாரி இயந்திரத்தை வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பார்பரா அதற்கு இருக்கவில்லை. ஈப்போவில் இருந்தாள். ஆப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள் ரயன் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "கெலாபு எப்படிக்கா இருக்கா?" என்பது.

"நல்லா இருக்கா" என்றாள்.

"பெராங்?"

"முட்டியில தையல் போட்டிருக்கு. நல்லா திங்கிறான்."

இரண்டில் ஒன்று உண்மை. மற்றது பொய்யென்று, அம்மாவின் போனுக்கு யாரோ அனுப்பிய வாட்ஸாப்பில் அவன் பார்த்துவிட்டான். அடுத்த நாள் அவள் போனபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் கொண்டுபோன கஞ்சி ஆறிப்போகும்வரை திரும்பவில்லை.

அவன் பிழைத்தான். இடுப்பெலும்பு கூடியது. இடது கால் மட்டும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, பாதம் தொங்கிப்போனது. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கோயிலில் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தாள். சாமியார் ரயனின் பெயரைச் சொல்லி, மரணத்தின் வாயிலிருந்து இந்த மகனை மீட்டுக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்வோம் என்றார். எல்லோரும் மண்டியிட்டார்கள். பார்பராவும் மண்டியிட்டாள். நன்றி சொல்லத்தான் வேண்டும், தம்பி பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு நெஞ்சுக்குள் வந்ததெல்லாம் அந்த நாலைந்து மடக்குத் தண்ணீர்தான். இன்னும் கொஞ்சம் குடிக்க விட்டிருந்தால் என்ன. ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசத்தில் யாருக்கு என்ன ஆகியிருக்கும். ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் எழுந்த பிறகும் அவள் மண்டியிட்டபடியே இருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது ரயன் கேட்டான். அவன் சன்னல் பக்கத்தில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகாதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"ஏன்க்கா போன?"

"நீ செத்துருவன்னு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான் ரயன். "அதுக்குத்தான் இருன்னு சொன்னேன். தனியா சாகக் கூடாதுன்னு. காப்பாத்துன்னு நான் கேக்கல."

அவள் கை நின்றது. மறுபடி தேய்த்தாள். அந்தப் பாதத்தில் அவளுடைய கை பட்டதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

"நீ போனப்புறம் நான் கத்திக்கிட்டே இருந்தேன். உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லடா. ஆத்துச் சத்தம்."

அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. அவனுக்கு அவள்மேல் கோபமும் இல்லை. கோபம் இருந்தால் ஒருநாள் தணியும். அவன் சும்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவளோடு பேசும்போது அவன் இப்போது சிரிப்பதில்லை. மற்றவர்களோடு சிரிக்கிறான்.

மழைக்காலம் முடிந்த பிறகு குகனேஸ்வரன் ஒரு இளம் குதிரையை வாங்கி வந்தார். கறுப்பு. ஈத்தாம் என்று பெயரும் வைத்துவிட்டார். பார்பரா கொட்டகை வேலையை விடவில்லை. சாணி அள்ளினாள், தீனி கலந்தாள், பெராங்கின் முழங்காலில் மருந்து தடவினாள். ஏறுவது மட்டும் இல்லை. அவரும் கேட்கவில்லை. ஈத்தாம் வந்த பிறகுதான் ஒருநாள் கேட்டார்.

"சும்மா ஒக்காந்து மட்டும் பாரு மா. ரோட்டு வரைக்கும் போய்ட்டு வா. நீ ஏறாம இவன் யாருகிட்ட பழகுவான்?"

அவருக்காக ஏறினாள். ஈத்தாம் நல்ல குதிரை. காது முன்னால் நீட்டிக்கொண்டு துள்ளலாக நடந்தான். காய்கறித் தோட்டங்களைத் தாண்டி ஒரு சின்ன மேடு வந்தது. சின்ன மேடுதான், லோரிகள் கியர் மாற்றாமலே ஏறிவிடும். ஈத்தாம் ஏறத் தொடங்கியதும் அவனுடைய மூச்சு கனத்தது. எந்தக் குதிரைக்கும் மேட்டில் மூச்சு கனக்கும். அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே அந்த விலா விரிந்து சுருங்குவதை அவள் உணர்ந்தாள். கை தானாகக் கடிவாளத்தை இழுத்தது. நின்றான். உடனே நின்றுவிட்டான்.

அவள் இறங்கினாள். லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. ஈத்தாம் ஓரத்துப் புல்லைக் கடித்தான். அவள் அவன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை, அடங்கிய பிறகும் நின்றாள். பிறகு அவனை நடத்திக்கொண்டே திரும்பி வந்தாள்.

குகனேஸ்வரன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் நடந்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார். கடிவாளத்தை வாங்கிக்கொண்டார்.

"வேற ஆளப் பாருங்க அங்கிள்" என்றாள்.

"பாத்துக்கலாம் மா. அவசரம் இல்ல."

"இல்ல அங்கிள். பாருங்க. நான் கேட்டா எந்தக் குதிரையும் போகும். நான் நில்லுன்னு சொல்லாட்டி அது நிக்காது. அதத் தெரிஞ்சு வச்சிக்கிட்டு என்னால மேல ஒக்கார முடியாது."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தீனித் தொட்டியைக் கழுவப் போனாள். அன்றைக்கு நாலு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. வீட்டுக்குப் போனால் ரயன் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவள் இரண்டு பேருந்துகளைப் போகவிட்டாள்.